மாப்பிள்ளை அறைக்குள் போன கம்பியூட்டர்

மென்பொருள் தொழிலில் ஆளைக் கொல்வது கம்பியூட்டர் அல்ல, "உங்களுக்கு என்னென்ன வேணும்?" என்று நாமே வாயைத் திறந்து கேட்கிறோமே, அந்தக் கேள்விதான். இதில் அடிபட்டவர்களே, நீங்கள் தலையாட்டுவது இங்கிருந்தே தெரிகிறது.

நான் நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து பென்சன் வந்தவன். கம்பெனி என் மருமகன் பாஸிலுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். ஆகவே கல்முனையில் என் மகளின் வீட்டு முன்னறைதான் கம்பெனி. மென்பொருள் எழுதுவது பாஸில், வாடிக்கையாளரோடு கதைப்பது நான். வாய் எனக்குத்தானே நீளம்!

முதல் வேலை மருதமுனையில் ஒரு கைத்தறிக்கடை ஹாஜியாருடையது. நோன்பு பிறக்குமுன் அவருடைய பெருநாள் ஓடர்கள் கம்பியூட்டரில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பாஸில் கம்பெனியை மூடிவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போய்விடுவார். விசா வந்து மேசையில் கிடந்தது. என் மகள் அதைப் பார்க்கும்போதெல்லாம் குசினியில் ஒரு சட்டி உடைந்தது.

எல்லை

"ஓடர் எடுக்கிறது மட்டும்தான் எங்கட வேலை" என்று தெளிவாகச் சொல்லித்தான் தொடங்கினேன். "ஓம், ஓம்" என்றார் ஹாஜியார். அடுத்த மூச்சில் நூல் கணக்கும் வேணும் என்றார். தேத்தண்ணி கொண்டுவந்த அவர் மனைவி, சாரிப் படமெல்லாம் அதில் தெரிய வேணும் என்றார். சாரன் வாங்க வந்திருந்த பெரியநீலாவணை மீன்காரர் ஒருவர், கடல் எப்போது கொந்தளிக்கும் என்றும் அது சொல்லுமா என்று நின்ற நிலையிலேயே கேட்டார். "ஏன் செல்லாது? எழுதுங்க காக்கா" என்று அண்ணன் முறை வைத்து என்னை ஏவினார் ஹாஜியார்.

நம்பினால் நம்புங்கள், நான் எழுதிய தாள் மேசையால் இறங்கி, கடைப்படியைத் தாண்டி, மெயின் ரோட்டில் ஒரு ஓட்டோவை மறித்துக்கொண்டு கிடந்தது. இவ்வளவும் ஏலாது ஹாஜியார் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எல்லாத்தையும் ஒரே கம்பியூட்டர்லதானே காக்கா போடச் செல்றன், வேற வேற கம்பியூட்டர்லயா?"

ஆபத்து

"மாமா, என்னென்ன பிழையாப் போகலாம் எண்டு கேட்டுக்கிட்டு வாங்க" என்று பாஸில் அனுப்பினார். கரண்ட் போனால்? "போகாது, இன்ஷா அல்லாஹ்." மெஷின் பழுதானால்? "வாய வெச்சிராதீங்க." கடவுச்சொல் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆகவே கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்: "நாளைக்கு நீங்க மௌத்தாப் போனா?"

கதவுக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி அந்த நினைப்பிலேயே அழத் தொடங்கினார். அழுகை கேட்டுப் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். அவர்கள் ஓடியதைக் கண்ட எதிர்வீட்டார் ஊருக்கெல்லாம் போன் போட்டார்கள். என் தேத்தண்ணி ஆறவில்லை, மௌத்து வீட்டில் ஆட்கள் உட்காரப் பிளாஸ்டிக் கதிரை நிறைய ஏற்றிய வண்டி வாசலில் நின்றது. மாவடிப்பள்ளியிலிருந்து வயல் சேற்றுக்காலோடு வந்த சொந்தக்காரர், ஹாஜியாரின் கையையே பிடித்து, "எப்ப நடந்த?" என்று விம்மினார். ஹாஜியார் வாசலுக்குப் பாய்ந்தார்.

"டேய், நான் நிண்டு கதைக்கிறன், கதிரைய எறக்காதீங்கடா!"

கட்டுப்பாடு

இடத்தில், நேரத்தில் ஏதும் கட்டுப்பாடு இருக்கா என்று திரும்பத் திரும்பக் கேட்டிருந்தேன். "ஒண்டுமில்ல" என்றே சொன்னார். மெஷினைக் கடைக்குப் பின்னறையில் வைத்து, வயரெல்லாம் சுவருக்குள்ளால் இழுத்தோம். அதற்குக் குளிர் வேணும் என்று ஏசி பூட்ட வைத்ததும் நாங்கள்தான். இடையில் ஹாஜியாரின் மகளுக்குக் கலியாணம் வந்தது. நானும் பாஸிலும் போய்ப் புரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தோம்.

மிச்ச வேலையை முடிக்கப் போனால் பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. கதவு முழுக்கப் பூவும் சரிகைக் காகிதமும். உள்ளே புதுமாப்பிள்ளை உறங்குகிறாராம்! கடையோடு சேர்ந்த அந்த வீடு மகளுக்கு எழுதிய வீடு. ஏசி உள்ள ஒரே அறை அதுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் எங்கள் கம்பியூட்டர். அடுத்தவர் வீட்டு மாப்பிள்ளை அறைக்குள் யார் காலெடுத்து வைப்பது? பாஸில் கேபிளும் கையுமாக நின்றார். நோன்போ அந்தா இந்தா என்று நிற்கிறது. என் கண்ணுக்குள் விசா பறந்தது. பாஸிலும் இப்படிக் குடிவந்த மாப்பிள்ளைதான், நானும் என் காலத்தில் இப்படிக் குடிபோனவன்தான். எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லையே! ஏன் முன்னமே சொல்லவில்லை என்று ஹாஜியாரிடம் கேட்டேன்.

"ஊருக்கே தெரிஞ்ச விசயத்த ஆராவது கட்டுப்பாடு எண்டு செல்வாங்களா காக்கா?"

முடிவு

எங்களைக் காப்பாற்றியது கதிரை வண்டி. அன்றைய பயத்தில் ஹாஜியார் கடவுச்சொல்லை மகளிடம் சொல்லி வைத்திருந்தார். புதுமாப்பிள்ளைக்கு விருந்து சாப்பிடுவதும் படுப்பதும் தவிர வேலையில்லை. சலித்துப்போய், மனைவியிடம் கடவுச்சொல்லைக் கேட்டு மெஷினைத் திறந்தார். பாதி எழுதிய மென்பொருள் அதில் கிடந்தது. "மச்சான், இந்த இடத்தில பிழை வருது" என்று அறைக்குள்ளிருந்தே பாஸிலுக்குப் போன் போடுவார்; பாஸில் எங்கள் வீட்டிலிருந்து திருத்துவார். நோன்புத் தலைப்பிறை காணுமுன் ஓடர்கள் ஏறத் தொடங்கிவிட்டன. விசா மேசையிலிருந்து அலுமாரிக்குப் போனது. குசினியில் சட்டிகள் பிழைத்தன.

பெருநாள் முடிந்து, வேலை முடிந்தது என்று சொல்லப் போனேன். ஹாஜியாரின் முகம் விழுந்துவிட்டது. என்னை ஒரு மூலைக்கு இழுத்துப்போய்க் காதோடு சொன்னார்: அவருடைய மாப்பிள்ளைக்கும் கட்டார் விசா வந்திருக்கிறதாம், இந்தக் கம்பியூட்டர் வேலை இருப்பதால்தான் அவர் போகாமல் நிற்கிறாராம். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"முடிச்சிராதீங்க காக்கா, மீன்காரர் கேட்ட அந்தக் கடல் விசயத்தையும் போடச் செல்லுங்க!"

எல்லை போடாத வேலை ஆளையே தின்னும் என்று மருமகனுக்கு ஓதிய நான்தான், இரண்டு வீட்டுப் பெண்பிள்ளைகளின் நிம்மதிக்காக, இப்போது அந்த வேலை ஒருநாளும் முடிந்துவிடாமல் கண்ணுக்குள் எண்ணெய் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.