கேவியட் போடாத தொண்ணூறு நாள்

எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து தார்ச்சாலைக்குப் போக ஒரே ஒரு வண்டித்தடம். அது மாமனாருடைய அண்ணனான பெரிய மாமாவின் பூமி வழியாகப் போகிறது. பாகம் பிரித்தபோது தடத்தைப் பத்திரத்தில் எழுதவில்லை. அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். பிறகு போர்வெல் விஷயத்தில் பேச்சு முற்றி, பெரிய மாமா கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். மாமனார் வழக்குப் போட்டார். இது என் கல்யாணத்துக்கு வெகு முன்பு.

என் மகளுக்கு நான்கு வயது. மழை வந்தால் மூச்சிளைப்பு வரும். வாசலுக்கு ஒரு கார் வர முடியாது என்பதுதான் எனக்கு இந்த வழக்கு. மற்றவர்களுக்கு அது மானம், உரிமை.

படித்தவள் என்பதால் கேஸ் கட்டு என்னிடம் வந்தது. முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தோம், சப் கோர்ட்டில் தோற்றோம். சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. அங்கே யார் எப்போது வேலி போட்டார் என்று மறுபடி விசாரிக்க மாட்டார்கள், சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுப்பார்கள். அதில் ஜெயித்த அன்றே வக்கீல் போன் செய்தார்.

"அவங்க டெல்லிக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போவாங்கம்மா. அங்க நேரா அப்பீல் கிடையாது, அனுமதி கேட்டுத்தான் உள்ள போகணும். நம்மளைக் கேக்காம உத்தரவு போடக்கூடாதுன்னு இப்பவே ஒரு கேவியட் போட்டு வச்சிரலாம். தொண்ணூறு நாள் நிக்கும்."

வக்காலத்துத் தாள் வந்தது. மாமாவின் கையெழுத்து மட்டும் பாக்கி.

அந்த வாரம் பெரிய மாமாவும் பெரியத்தையும் வரப்பு மேல் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தங்கள் பேத்திக்குக் காது குத்து என்று அழைத்தார்கள். போனோம். பந்தியில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து அவனுக்கு. கோர்ட்டுக்கு நடந்து நடந்து எளச்சுப் போயிட்டான்" என்றார் பெரிய மாமா. மாமா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் தாளை நீட்டினேன்.

"அண்ணன் ஊட்டுச் சோறு இன்னும் வகுத்துல கெடக்குது அம்மிணி. அதுக்குள்ள அவரு மேல மனுவா?"

"அவரு மேல இல்லீங் மாமா. நம்மளையும் கேளுங்கன்னு சொல்றது, அவ்வளவுதானுங்க."

"வேலியை அவரே புடுங்கிருவாரு பாரு."

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் அந்த வீட்டின் மேல் பிராது கொடுப்பதில்லை. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வெளி மாநிலத்தில் இருந்த கணவர், "அப்பா சொல்றபடி செய்" என்றார். எனக்கும் நம்ப ஆசையாக இருந்தது. தாளைப் பீரோவில் வைத்தேன். இன்னொரு முறை கேட்டிருக்கலாமோ? கேட்டிருந்தால் போட்டிருப்பாரோ?

பெரிய மாமாவிடம் பவர் எழுதி வாங்கி வழக்கை நடத்திய அவர் மகன், காது குத்துக்கு முன்பே டெல்லி வக்கீலிடம் கேஸ் கட்டைக் கொடுத்துவிட்டான். அது பெரிய மாமாவுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உச்ச நீதிமன்றத்தில் எங்களுக்காக நிற்க ஒருவரும் இல்லை. எங்களுக்கு நோட்டீஸ், நாங்கள் வந்து பதில் சொல்லி விசாரணை முடியும்வரை இப்போதுள்ள நிலை தொடரட்டும் என்று உத்தரவு. இப்போதுள்ள நிலை என்றால் முள்கம்பி.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் மகளுக்கு மூச்சு வாங்கியது. மாமா சந்தைக்குப் போயிருந்தார். ஆம்புலன்ஸ் தார்ச்சாலையில் வந்து நின்றது. வரப்பெல்லாம் தண்ணீர். அவளைத் தூக்கிக்கொண்டு நேராக வேலிக்கு ஓடினேன். அந்தப் பக்கம் பெரியத்தை ஓடி வந்தார்.

"கம்பிய அவுத்து உடுங் பெரியத்தை!"

"அவுத்தா கோர்ட்டு அவமதிப்புங்கறான் எம் பையன். ரெண்டு பக்கத்துக்காரரும் ஒண்ணையுந் தொடக்கூடாதாமா சாமி."

சொல்லிக்கொண்டே குனிந்து அடிக்கம்பியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். "கொழந்தையக் குடு. தலை பத்தரம், கண்ணுல குத்திரும்."

மகளைக் கம்பிக்கு அடியில் தள்ளினேன். அவர் அவளை வாரி எடுத்ததும் கம்பி கீழே விழுந்தது. நான் பாதி நுழைந்திருந்தேன், என் சேலை அதில் மாட்டிக்கொண்டது. அவர் என் மகளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடுவதை மண்டியிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மகளுக்கு மூச்சு சீரானது. வெள்ளிக்கிழமைதோறும் போனில் எங்கள் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கிறேன். நிலுவையில் என்றுதான் வருகிறது.