வராதவர்களின் வருகை

விஸ்வநத்தம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் வரலாற்றை எழுத, பழைய பதிவேடுகளோடு ஒரு வாரம் ஒன்பதாம் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பாசிரியை ஒல்லியானவர், உடைந்த மூக்குக்கண்ணாடிக் காம்பைக் கறுப்பு நூலால் கட்டியிருப்பார். பெயர் கூப்பிட்டதும் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகே வருகையைக் குறிப்பார். ஐந்து பெயர்களுக்கு மட்டும் காலி இடத்தைப் பார்த்துவிட்டு, வந்ததாகவே குறித்தார்.

வெள்ளிக்கிழமை, அந்த ஐவரில் ஒருத்தியின் அப்பா சப்-இன்ஸ்பெக்டருடன் வந்தார். முந்தின நாள் பள்ளிக்குப் போன மகள் திரும்பவில்லையாம். பதிவேடும் அவள் வந்ததாகவே சொன்னது.

"அப்ப ஸ்கூல் விட்டுத்தான் காணாமப் போயிருக்கா. பஸ் ஸ்டாண்டுல விசாரிப்போம்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"அங்கன தேடாதீக சார்" என்றார் ஆசிரியை. "நான் போட்டது பொய். அஞ்சு புள்ளைக சீசனுக்குப் பட்டாசு வேலைக்குப் போகுதுக. ரொம்ப நாள் வரலைன்னா பேர எடுத்துருவாக, எடுத்துட்டா திரும்பி வராதுகன்னு வந்ததாவே போட்டுக்கிட்டு இருந்தேன்."

"உங்க வேலை போயிரும் டீச்சர்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"புள்ளய மொதல்ல தேடுங்க."

அப்பா தலைகுனிந்து, மகளை வேலைக்கு அனுப்பிய பட்டாசு ஷெட்டைச் சொன்னார். அங்கே அவளோடு வேலை பார்த்த ஒருத்தி, அவள் காரியாபட்டியில் உள்ள அத்தை வீட்டுக்கு ஓடிப்போனதைச் சொன்னாள். மாலைக்குள் பத்திரமாகக் கிடைத்தாள். விஷயம் வெளியே வந்துவிட்டதால் மற்ற நால்வரும் திங்களன்று வகுப்புக்கு வந்தார்கள்.

ஆசிரியை பொய்க்குறிகளைச் சிவப்பு மையால் அடித்து, ஒவ்வொன்றின் அருகிலும் கையெழுத்திட்டார். வரலாற்றில் இதை எப்படி எழுதுவது என்று கேட்டேன்.

"அடிச்சதையும் சேத்து எழுதுங்க சார்."

சில நாளில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பொய்கள் இல்லாவிட்டால் ஐவருக்கும் அந்த வகுப்பில் இடம் இருந்திருக்குமா என்பது, பதிவேடுகளை நம்பி எழுதும் எனக்கு இன்னும் தெரியவில்லை. அடித்ததையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.