மிதித்ததும் வர வேண்டிய சத்தம்

எங்கள் சேவைச் சங்கத்தில் மொத்தம் பத்தொன்பது பேர். பாதிப் பேருக்கு முட்டிவலி, மீதிப் பேருக்குக் காது மந்தம். கண் பரிசோதனை முகாம், ரத்ததான முகாம் என்று அவ்வப்போது ஏதாவது நடத்துவோம். ரத்தம் கொடுக்கும் வயதை நாங்கள் தாண்டிவிட்டதால் மேசை போட்டு உட்கார்ந்திருப்பதோடு சரி. வருடத்துக்கொரு முறை உள்ளூர்த் தொழிற்சாலை ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போவோம். செயலாளர் என்ற முறையில் அந்த வருடம் பஸ் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு ஏற்பாடு செய்தவன் நான்தான். செய்யாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றும்.

ஏற்பாடு செய்ததே ஸ்டியரிங் சந்தோஷப்படுவார் என்றுதான். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு கையும் மடிக்கு மேலே எதையோ வட்டமாகப் பிடித்தபடி இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

அவர் வாழ்க்கையில் ஒரு விபத்து உண்டு. சங்கத்தில் அதைக் கேட்காதவர் கிடையாது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு, இறக்கமான சாலையில், வளைவு திரும்பியதும் கல் ஏற்றிய லாரி ஒன்று பழுதாகி நின்றிருந்தது. பஸ் போய் மோதியது. முன்படிக்கட்டில் நின்றிருந்த கண்டக்டர் அங்கேயே போய்விட்டார். பிரேக்குக்குக் காற்றுக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வெடித்துவிட்டது என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். பழைய குழாயை மாற்றாமல் வண்டியை வெளியே அனுப்பியதாகப் பணிமனை மெக்கானிக்கை வேலையை விட்டு நீக்கினார்கள். "நாலு நாள் முன்னாடிதான் புதுசு போட்டேன்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது எடுபடவில்லை. பதிவேட்டில் அதற்கான கையெழுத்து இல்லை.

ஸ்டியரிங் இதைச் சொல்லும்போது கண்டக்டரின் கடைசிப் பேச்சையும் சேர்த்தே சொல்வார். "அவன் மாமியார் அவன் பஸ்லயே ஏறி உட்கார்ந்துட்டாங்களாம். டிக்கெட் கேட்டா, 'பொண்ணையே குடுத்தாச்சு, இன்னும் என்ன கேக்குறீங்க'ன்னாங்களாம். சொல்லிட்டு அவனும் சிரிக்கிறான், நானும் சிரிக்கிறேன். அப்படியே போயிட்டான் சார்." பிறகு ஒரு பெருமூச்சு. "மெக்கானிக் அண்ணன் பாவம். மறதி யாருக்குத்தான் வராது? நான் அவரை மன்னிச்சுட்டேன்."

தொழிற்சாலையில் முதல் ஒரு மணி நேரம் ஸ்டியரிங் சின்னப் பையன் மாதிரி இருந்தார். சீட்டுக்கு உறை தைக்கும் வரிசையில் நின்று, "முப்பத்தோரு வருஷம் இதுல ஒண்ணு கூட எனக்கு மெத்துன்னு அமையலம்மா" என்று புகார் சொன்னார். பக்கக் கண்ணாடிகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில் தலை வாரிக்கொண்டார். கடைசியாக ரப்பர் குழாய்களைச் சோதிக்கும் அறைக்குக் கூட்டிப்போனார்கள். வலைத் தொப்பி போட்ட நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, குழாயை ஒரு இரும்புப் பெட்டிக்குள் மாட்டி, அழுத்தம் ஏற்றி, எவ்வளவு தாங்குகிறது என்று காட்டினாள்.

"வண்டில வெடிச்சுப்போன குழாயும் இங்க வருமாம்மா?" என்று கேட்டார் ஸ்டியரிங்.

"வரும் சார். புகார் வந்தா அனுப்புவாங்க. பார்த்தாலே தெரிஞ்சிடும்." அவள் ஒரு தட்டிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்தாள். ஒன்று நடுவில் புடைத்து, நீளவாக்கில் கிழிந்து, உள்ளே இருந்த நூலெல்லாம் வெளியே வந்திருந்தது. "இது காத்து தாங்காம வெடிச்சது. இன்னொண்ணு, வண்டி மோதினதுல இழுபட்டு அறுந்தது. மூட்டுக்குப் பக்கத்துல பிச்சுக்கிட்டு வந்திருக்கு பாருங்க. புடைப்பே இருக்காது."

ஸ்டியரிங் இரண்டாவது துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மோதுறதுக்கு முன்னாடியே வெடிச்சா, டிரைவருக்குத் தெரியுமா?"

"தெரியாம எப்படி சார்? பெடலை மிதிச்ச உடனே புஸ்ஸுன்னு சீறும். பின் சீட்டுல தூங்குறவங்க கூட எழுந்து உட்கார்ந்துடுவாங்க." அவள் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

வாசலில் குழுப் படம் எடுத்தபோது ஸ்டியரிங்கைக் காணவில்லை. வேனில் போய் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் தொடைக்கு அடியில் இருந்தன.

"உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"அன்னிக்கு அந்தச் சத்தம் வரல சார்."

"எந்தச் சத்தம்?"

"சீறுற சத்தம். மோதினதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. முன்னாடி வந்திருந்தா, அவன் சொன்னது எனக்கு எப்படிக் கேட்டிருக்கும்? கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டேனே. கண்ணாடில அவன் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சேன். திரும்பினா லாரி." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "விசாரணை மேசைல வெச்சிருந்த குழாயை நான் பார்த்திருக்கேன். மூட்டுக்குப் பக்கத்துலதான் அறுந்திருந்தது. நான் பிரேக்கை மிதிச்சேனான்னே இப்போ தெரியல சார்."

சங்கத் தலைவர் வந்து விஷயத்தைக் கேட்டார். "அட, விடுங்க. மூடின கோப்பைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?" என்றார். எனக்கும் அப்போது அதுதான் சரியென்று பட்டது. ஆமாம் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஸ்டியரிங் என் வீட்டு வாசலில் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, சவரம் செய்த முகம், கண் மட்டும் சிவந்திருந்தது. "மெக்கானிக் அண்ணனைப் பார்க்கப் போறேன். தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன். கூட வர்றீங்களா?"

இரண்டு பஸ் மாறிப் போனோம். சந்தைக் கட்டிடத்தின் மாடிப்படிக்கு அடியில், ஓர் ஆள் முடங்கி உட்காரும் அளவுக்கு ஒரு கடை. வேலை போன பிறகு மெக்கானிக் எந்த வண்டியையும் தொடவில்லை. மாற்றுச் சாவி செய்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். ஒரு பெண் சாவிக்குக் காத்திருந்தாள்.

"அண்ணே" என்றார் ஸ்டியரிங்.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நீயா? இரு, இந்தம்மாவோடத முடிச்சுடறேன்."

அந்தப் பெண் போன பிறகு ஸ்டியரிங் நின்றபடியே சொன்னார். தொழிற்சாலையில் பார்த்ததை, சத்தத்தை, சிரித்ததை, ஒன்றையும் விடவில்லை. "குழாய் வெடிக்கல அண்ணே. நீங்க புதுசுதான் போட்டிருக்கீங்க. நான்தான் ரோட்டைப் பார்க்கல."

மெக்கானிக் பலகையில் கிடந்த பித்தளைத் தூளைச் சின்ன பிரஷ்ஷால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். தூள் தீர்ந்த பிறகும் தள்ளினார்.

"போட்டேன் போட்டேன்னு ஒரு வருஷம் கத்தினேன்" என்றார். "அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. போட்டது இந்த வண்டிக்கா, பக்கத்துல நின்ன வண்டிக்கான்னு. எல்லாரும் ஒண்ணு போலச் சொல்றாங்க, கையெழுத்தும் இல்ல. சரி, நான்தான் போடலன்னு ஒத்துக்கிட்டேன். வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், ஒரு ஆளைக் கொன்னுட்டேன்டின்னு. அவ அதை நம்பிக்கிட்டேதான் செத்தா."

ஸ்டியரிங் அவர் கையைப் பிடிக்கப் போனார். மெக்கானிக் கையை இழுத்துக்கொண்டார்.

"ஒரு தடவை வந்தியாடா நீ?"

"இல்லண்ணே. உங்களை மன்னிச்சுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்."

மாடிப்படியில் யாரோ தடதடவென்று இறங்கிப் போனார்கள். மெக்கானிக் போனை எடுத்தார். எண்ணைத் தேடி அழைத்தார். "என் பொண்ணு. புகுந்த வீட்டுல எது நடந்தாலும், ஆளைக் கொன்னவன் பொண்ணுன்னுதான் பேச்சு. அவகிட்ட நீ சொல்லு."

ஸ்டியரிங் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி சொன்னார். அந்தப் பக்கம் அவள் என்ன கேட்டாளோ தெரியாது. "ஆமாம்மா, நான்தான். என் தப்புதான். அப்பா மேல ஒண்ணும் இல்லம்மா" என்று நாலைந்து தடவை சொன்னார். பிறகு போனை நீட்டினார்.

"அழாதே" என்றார் மெக்கானிக். "ஆமாம்மா. புதுசுதான். அப்பா புதுசுதான் போட்டேன்." சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினோம்.

அந்த வாரமே ஸ்டியரிங் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். மூன்று பக்கம், தன் கைப்பட. கண்டக்டரின் மனைவிக்கும் ஒன்று எழுதினார். அவர்கள் வீடு மாறிப் போய் வெகு காலம் ஆகிவிட்டதால் அது பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. அலுவலகத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: அந்த விசாரணைக் கோப்பு அழிக்கப்பட்டுவிட்டதால் மேல்நடவடிக்கைக்கு வழியில்லை.

அந்தப் பதிலை மெக்கானிக்கிடம் காட்டும் வேலை எனக்கு வந்தது. நான் கடைக்குப் போனபோது அவர் மகள் வந்திருந்தாள். பத்து நாள் அப்பாவோடு இருந்துவிட்டுப் போகலாமென்று வந்தாளாம். அவர் கடிதத்தைப் படித்து, மடித்து என்னிடமே கொடுத்தார். "அழிச்சுட்டாங்களா" என்றதோடு சரி.

பிறகு கேட்டார்: "அவன் எப்படி இருக்கான்?"

உள்ளதைச் சொன்னேன். சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். அறையை விட்டு வெளியே வருவதில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறார் என்று மருமகள் அழுகிறாள். "ஒரு நாள் கூட்டிட்டு வரட்டுமா?" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார்.

"வேண்டாம் சார். கோவம்னு இல்ல. அவனைப் பார்த்தா எனக்கு என் வீட்டுக்காரி ஞாபகம் வரும்." ஒரு சாவியை எடுத்து அதன் மேல் அரத்தை வைத்தார். வைத்துவிட்டு, "சாப்பிடச் சொல்லுங்க" என்றார்.

அன்று மாலை ஸ்டியரிங் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அண்ணன் வரச் சொன்னாரா?" என்று கேட்டார்.

"சாப்பிடச் சொன்னார்" என்றேன்.

அவர் தலையாட்டினார். மருமகள் தட்டைக் கொண்டு வந்து வைத்தாள்.