‘ஊதா மயில்’ பாடிய ஆள்

கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் வெட் கிரைண்டர் செய்து விற்கும் தம்பிதுரைக்குக் குரல் கீச்சு. போனை எடுத்து அவர் ஹலோ சொன்னால், "அம்மணி, ஐயா இருந்தா குடுங்க" என்பார்கள் எதிர்முனையில். "ஐயாதானுங்க பேசறேன்" என்று அவரும் சலிக்காமல் சொல்வார். இப்படிப்பட்ட மனிதர் இளவயதில் ஒரு ராக் இசைத்தட்டில் பாடினார் என்றால் கணபதியில் யாரும் நம்புவதில்லை. அதில் முதல் ஆள் அவருடைய மனைவி சென்னியம்மாள்.

ஆனால் பாடியது உண்மை. எழுபதுகளின் தொடக்கத்தில் சத்தியமங்கலத்துப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோயமுத்தூர் கல்லூரிக்குப் படிக்க வந்த தம்பிதுரைக்குக் கோட்டைமேட்டு ரசாக் சிநேகிதமானான். தம்பிதுரை கிட்டார், ரசாக் டிரம்ஸ். ஆர்மோனியத்துக்கும் புல்லாங்குழலுக்கும் இன்னும் இருவர் சேர்ந்தார்கள். குழுவுக்குத் ‘தி நொய்யல்ஸ்’ என்று பேர் வைத்தார்கள். ஊட்டி எஸ்டேட்டுக்காரர் ஒருவர் வீட்டிலிருந்து வந்த வெளிநாட்டுத் தட்டுகளைக் கேட்டுக் கேட்டு நால்வருக்கும் பித்துப் பிடித்திருந்தது. கனவில் நடக்கிற மாதிரி நீண்டு போகும் பாட்டுகள். அதையே தமிழில் செய்துபார்க்க ஆசைப்பட்டார்கள்.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது என்பதால் ஒரு மண்டபம் சும்மா கிடைத்தது. மில் முதலாளி ஒருவர் வீட்டு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி அங்கேயே பாடிப் பதிந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சன்னலில் ஊளையிட்டதும் கூடவே பதிவானது. வெளியூர் இசைத்தட்டுக் கம்பெனிக்கு அனுப்ப இன்னொரு மெஷினில் ஒரு நகல் எடுத்தார்கள். கம்பெனிக்காரன் சில நூறு தட்டு அடித்துக் கொடுத்தான். மேலட்டையில் ஊதா நிறத்தில் ஒரு மயில். தட்டின் பேரும் அதுதான்.

வந்த தட்டைப் போட்டுக் கேட்டபோது தம்பிதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளேயிருந்து யாரோ ஒரு கனத்த ஆள், கிணற்றடியில் நின்று பாடுவதுபோல் நிதானமாக இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தான்.

"டேய் ரசாக்கு, இது நானாடா?"

"அவங்கவங்க குரல் அவங்கவங்களுக்கு வேற மாதிரிதான்டா கேக்கும்" என்றான் ரசாக். அவனுக்கும் குழப்பம்தான். ஆனால் தட்டு அடித்தாகிவிட்டது. இனி என்ன செய்வது?

தட்டு விற்கவில்லை. மிச்சமிருந்ததில் பாதி, ரங்கே கவுடர் வீதியில் ரசாக் வீட்டார் நடத்திய மளிகைக் கடையில் ஊறுகாய் ஜாடிகளுக்கு மூடியானது. புல்லாங்குழல்காரர் அமெரிக்கா போனார். ஆர்மோனியக்காரர் பின்னாளில் காலமானார். ரசாக் மளிகைக் கடையில் உட்கார்ந்தார், தம்பிதுரை கிரைண்டர் பட்டறை வைத்தார்.

விற்ற கொஞ்சத்தில் ஒன்று எப்படியோ சோமனூருக்குப் போயிருந்தது. விசைத்தறி வைத்திருந்த குடும்பம் அது. அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் தம்பிதுரையைப் பேசினார்கள். மாப்பிள்ளை தட்டில் பாடியிருக்கிறார் என்று தெரிந்ததும் சென்னியம்மாள் அண்ணன் அறையிலிருந்து தட்டை எடுத்துவந்து, தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமென்று முழு ஒலியில் வைத்தாள். அந்தக் குரலிலேயே விழுந்துவிட்டாள். மாப்பிள்ளையின் போட்டோவைக்கூட அவள் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

கல்யாணமாகி வந்த மறுவாரம், "ஏனுங்க, அந்தப் பாட்ட ஒருக்கா பாடுங்களே" என்றாள். தம்பிதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். இரண்டு வரிதான் ஆகியிருக்கும். சென்னியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"இது நீங்க இல்லீங்க மாமா. அந்தாளு வேற."

அன்றிலிருந்து அந்த வீட்டில் ‘அந்தாளு’ என்று ஒருவன் குடியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கறி கொதிக்கும்போது சென்னியம்மாள், "அந்தாளு பாட்டப் போட்டுவுடுங்க" என்பாள். தம்பிதுரை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போட்டுவிடுவார். அவள் கண்ணை மூடித் தலையை ஆட்டுவாள். தன் குரலைப் பார்த்தே பொறாமைப்பட்ட புருஷன் அந்தச் சீமையில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். சண்டை வந்தால் அவளுக்கு அதுவே ஆயுதம். "அந்தாளா இருந்தா இப்புடிப் பேசியிருப்பாரா?" என்று ஒரு கேள்வி. தம்பிதுரை சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவார். சாயங்காலம் பூ வாங்கிக்கொண்டு வருவார். அவளும் தலையில் வைத்துக்கொண்டு, "அந்தாளு எனக்குப் பூ வாங்கிக் குடுத்ததே இல்ல" என்று சிரிப்பாள்.

இந்த நிலையில்தான் போன வருஷம் பட்டறை வாசலில் நந்திதா வந்து இறங்கினாள். பீளமேட்டுப் பெண், பெங்களூரில் சிநேகிதர்களுடன் சேர்ந்து பழைய இசைத்தட்டுகளை மறுபடி வெளியிடுகிறவள். அவள் சொன்னதைத் தம்பிதுரையால் முதலில் நம்ப முடியவில்லை. எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் பழைய சாமான் கடையில் ‘ஊதா மயில்’ தட்டை எடுத்து இணையத்தில் ஏற்றிவிட, அது உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். அந்தக் காலத்து ராக் இசையில் இது ஒரு தனிரகம் என்று கட்டுரை எழுதுகிறார்களாம். அந்தக் கனவுக் குரல் யாருடையது என்று தேடாத ஆளில்லையாம்.

"அந்தக் குரல் உங்களுதுதானுங்களே அங்கிள்?"

தம்பிதுரை வாயைத் திறந்து, "ஆமாங் கண்ணு" என்றார். நந்திதா அவருக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

மறுவெளியீட்டுக்கு மூல டேப் வேண்டும் என்றாள். ரசாக்கிடம் இருந்தது. மண்டபத்தில் பதிந்த அதே டேப்பை ஒரு பிஸ்கட் டப்பாவில் அரிசியும் லவங்கமும் போட்டு, பூஞ்சை பிடிக்காமல் மளிகைக் கடைக்காரருக்கே உரிய பக்குவத்தோடு வைத்திருந்தார். நந்திதா அதை மடியில் வைத்துக்கொண்டே பெங்களூருக்கு ரயிலேறினாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரியாக இருந்தது. ரசாக்கையும் வரச்சொல்லியிருந்தாள். "என்ற மெஷின்ல கோளாறோன்னு நெனச்சேனுங்க. மூணு மெஷின்ல போட்டுப் பாத்துட்டேன். நீங்களே கேளுங்க" என்று ஸ்பீக்கரைப் பட்டறை மேசைமேல் வைத்தாள். சென்னியம்மாள் காப்பித் தட்டோடு வந்து நின்றாள்.

பாட்டு ஓட்டமும் துள்ளலுமாகக் கிளம்பியது. புல்லாங்குழல் குருவிபோல் எகிறியது. பிறகு ஒரு குரல் வந்தது. மெல்லிசு, உச்சத்தில் நிற்கிற குரல், ஆனால் அவ்வளவு தெளிவு.

*ஊதா மயில் ஆடுது ஓடைக்கரை மேல,*
*தூது விட்ட மேகமெல்லாம் தூங்குது வான் மேல...*

ரசாக் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தேவிட்டார். "டேய் துரை! கரண்டுடா! கரண்டு!"

யாருக்கும் விளங்கவில்லை. அவர் மூச்சுவாங்கச் சொன்னார். நகல் எடுத்தது ரசாக் வீட்டு மளிகைக் கடை மாடியில். பதிவு செய்கிற மெஷினை, அவர் மாமா வீட்டிலிருந்து வந்த, வோல்டேஜைச் சீராக வைக்கும் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் மாட்டினார்கள். ஸ்டெபிலைசரில் இருந்தது ஒரே ஒரு பிளக். அதனால் டேப்பை ஓட்டுகிற மெஷினை நேராகச் சுவரில் சொருகினார்கள். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டு, தோட்டமெல்லாம் மோட்டார் ஓடுகிற நேரம். பல்பு மின்மினிப் பூச்சி மாதிரி எரிந்தது. ஓட்டிய மெஷின் திணறித் திணறிச் சுற்ற, பதிந்த மெஷின் சரியான வேகத்தில் பதிந்துகொண்டது. அதில்தான் பாட்டும் இழுபட்டு, குரலும் கனத்துப்போனது.

"அப்ப அந்தாளு...?" என்றார் தம்பிதுரை.

"லோ வோல்டேஜுடா அவன்!"

மூவரும் சிரித்த சிரிப்பில் பட்டறைப் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். சென்னியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. காப்பித் தட்டை வைத்துவிட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கண்ணு, இன்னொருக்கா போடு" என்றாள். முடிந்ததும், "இன்னொருக்கா" என்றாள். மூன்றாம் முறை முடிந்தபோது புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானுங்க" என்றாள். "எத்தன நல்லாப் பாடியிருக்கறீங்க. நாந்தான் இத்தன வருஷமா..." தம்பிதுரை ஆறிய காப்பியை எடுத்துக் குடித்தார்.

நந்திதாவுக்குத்தான் சிக்கல். எதை வெளியிடுவது? சரியான வேகத்தில் வருவதுதான் நியாயம் என்றார்கள் அவள் கூட்டாளிகள். விஷயம் கசிந்ததும் இணையத்தில் ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கனவுக் குரலை எங்களிடமிருந்து பிடுங்காதீர்கள் என்று எங்கிருந்தெல்லாமோ எழுதினார்கள். "உங்க குரல். நீங்க சொல்றதுதானுங்க முடிவு" என்று தம்பிதுரையிடமே விட்டுவிட்டாள்.

தம்பிதுரைக்கு ஒரு கணம் கை துறுதுறுத்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தாளு இந்த வீட்டை விட்டும் உலகத்தை விட்டும் போய்விடுவான். பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சென்னியம்மாளைப் பார்த்தார்.

"நீ என்ன சொல்ற அம்மணி?"

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்தாளும் இருந்துட்டுப் போகட்டுமுங்க மாமா. பாவம், நம்மகூடவே இருந்து பழகிப்போட்டாரு."

இரண்டு தட்டாக வந்தது ‘ஊதா மயில்’. ஒன்றில் பழைய கனத்த குரல், மற்றதில் தம்பிதுரை.

வெளியீட்டு விழாவை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு சின்ன அரங்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்தார்கள். பத்துப் பேர் வருவார்கள் என்று தம்பிதுரை நினைத்திருந்தார். உட்கார இடமில்லாமல் பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டிருந்தார்கள். எல்லாம் இருபது இருபத்தைந்து வயது. மார்பில் ஊதா மயில் போட்ட டீ ஷர்ட். ரசாக் முழங்கால் வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு டிரம்ஸின் முன்னால் உட்கார்ந்தார். உள்ளூர் இளைஞர்கள் மூவர் துணைக்கு வாசித்தார்கள்.

தம்பிதுரை மைக்கில், "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றதும் அரங்கம் சட்டென்று அடங்கியது. எல்லோரும் வேறு குரலை எதிர்பார்த்து வந்தவர்கள். அவருக்குப் புரிந்தது. "தட்டுல கேட்டவரு வரலீங்க. அவரு கரண்டு கொறஞ்சாத்தான் வருவாரு" என்றார். ஒருவன் சிரித்தான், பிறகு அரங்கமே சிரித்தது.

மண்டபத்தில் அன்று பாடிய வேகத்திலேயே ஆரம்பித்தார். பிள்ளைகளும் கூடப் பாடினார்கள். அங்கேதான் வில்லங்கம். அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள், ஆனால் இழுத்து இழுத்து. தம்பிதுரை ஓடைக்கரையைத் தாண்டும்போது அவர்கள் இன்னும் மயிலிடமே நின்றார்கள். ரசாக் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குச்சியை என்ன செய்வதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்தார். தம்பிதுரை பாட்டை நிறுத்தினார். கூட்டம் நிறுத்தவில்லை. முந்நூறு பேர் அசைந்து அசைந்து, மெதுவாக, அவருடைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். கண் நிறைந்தது. பிறகு அவர்களுடைய வேகத்துக்கு இறங்கி, தன் மெல்லிய குரலிலேயே, அவர்கள் தலைக்கு மேலே போய்ச் சேர்ந்துகொண்டார். ரசாக்கின் குச்சி இறங்கியது. எந்தத் தட்டிலும் இல்லாத ஒரு பாட்டு அங்கே பிறந்தது. முதல் வரிசையில் சென்னியம்மாள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

முடிந்ததும் கையெழுத்துக்கு நெருக்கியடித்தார்கள். ஒரு பெண், "ஐயா, உங்க குரல்தான் எனக்கு நெம்பப் புடிச்சுது" என்று சொல்லிவிட்டு ஓடினாள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருக்கையில் நந்திதாவுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு வந்து, ஈரோட்டில் ஒரு கல்லூரி விழாவுக்கு நொய்யல்ஸைக் கூப்பிடுகிறார்கள் என்றாள்.

"வயசான காலத்துல எதுக்குங் கண்ணு..." என்று தம்பிதுரை இழுத்தார்.

"வாரோமுன்னு சொல்லு கண்ணு" என்றாள் சென்னியம்மாள், அவர் இலையில் ரசத்தை ஊற்றிக்கொண்டே. "அண்ணா, நீங்க முழங்காலுக்கு நாளைக்கே டாக்டரப் பாத்துப்போடுங்க."

"செரி தங்கச்சி" என்றார் ரசாக், அப்பளத்தை நொறுக்கியபடி.