ஆளு வருது

கச்சிராயபாளையத்தில் சரிவு பார்த்துத்தான் சடையன் ஜீப்பை நிறுத்துவார். செல்ஃப் எடுக்காது. புது பேட்டரி வாங்கலாமே என்றால், "சரிவு இருக்கறப்ப பேட்டரி இன்னாத்துக்கு?" என்பார். சமதளத்தில் இன்ஜினை அணைக்கமாட்டார். அவர் டீ குடித்து முடிக்கும் வரை அது உறுமிக்கொண்டிருக்கும்.

பின்னால் பன்னிரண்டு பேர், மேலே உர மூட்டை. முன்னால் இடப்பக்கச் சீட்டு மட்டும் காலி. அதில் ஒரு பச்சைத் துண்டு. யார் கேட்டாலும், "ஆளு வருது."

அது என் அப்பாவின் இடம். வெள்ளிமலையில் கணக்கு வாத்தியார். பதினாறு வருடம் அதில்தான் போய்வந்தார். வண்டி தள்ள எல்லாரும் இறங்கினாலும் அவர் இறங்கமாட்டாராம். வெள்ளை வேட்டி. இறந்து நான்கு மாதம் ஆகிறது. நெஞ்சுவலி என்றதும் மலையிலிருந்து இறக்கி வந்தவர் சடையன். அன்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் ஓடிக்கொண்டே நின்றது. டீசல் தீர்ந்த பிறகுதான் அணைந்தது.

மலைப்பாதையில் ஒரு சின்னப் பாலத்தை அளக்கும் வேலை எனக்கு வந்தது. பாரத்தோடு ஜீப் கடக்கையில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் தொய்ந்தால் ஜீப்புகளுக்குத் தடை. சடையனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

பாலத்தின் நடுவில் ஒட்டிய, அதிர்வை அளக்கும் முடுக்கமானி தொய்வை நேராகச் சொல்லாது. முடுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம். வேகத்தைக் கூட்டினால் இடப்பெயர்ச்சி, அதாவது தொய்வு. ஜீப் வரும் முன்னும் போன பின்னும் பாலம் சும்மா கிடக்க வேண்டும். அந்த அமைதிதான் பூஜ்யம். அது துளி பிசகினால், கூட்டக் கூட்டப் பிழை பெருத்துவிடும்.

சோதனைக்கு ஓடியது சடையனின் ஜீப். பாலத்தைக் கடந்தால் அப்படியே போகமாட்டார். ரிவர்ஸில் பாலத்து முனைக்கே வந்து, இன்ஜின் அதிர, தலையை நீட்டுவார். "எவ்ளோ பாப்பா வந்துச்சு?"

மூன்றாவது முறை, பாலம் நான்கடி இறங்கியதாக லேப்டாப் சொன்னது.

"நாலடியா? அப்ப நாம ஓடைக்குள்ள குந்திக்கினா பேசறோம்?"

பின்சீட்டிலிருந்து பெரியநாயகி சொன்னார்: "உன் வண்டி ஆடற ஆட்டத்துக்கு மலையே எறங்கும்யா."

"அண்ணே, கடந்ததும் ஆஃப் பண்ணுங்க. ஒரு நிமிஷம்."

"இது சமதளம் பாப்பா. அப்பறம் யாரு தள்றது?"

"நானும் தள்றேன்."

நான்காவது முறை கடந்தார். முனையில் நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிக்கொடுத்தார். பிறகு சாவியைத் திருகினார். ஓடைச் சத்தம் கேட்டது. வண்டியில் யாரும் அசையவில்லை. கணக்கு முடிந்தது.

"மூணு மில்லிமீட்டர்தாண்ணே. அஞ்சுக்குக் கம்மி."

"அதான் எனக்கு மொதல்லயே தெரியுமே" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாரும் இறங்கினார்கள். கருவியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு நானும் ஜீப்பின் பின்பக்கம் கை வைத்தேன்.

"பாப்பா, நீ தள்ளாத. முன்னாடி வா."

எட்டி இடப்பக்கக் கதவைத் திறந்தார். சீட்டில் கிடந்த துண்டை எடுத்து, ஒருமுறை உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.