பெரட்டில் கொடுத்த கடிதம்

என் வீட்டுக் கேட்டில் ஒரு சிவப்புத் தகரப் பெட்டி தொங்குகிறது. இரத்தினபுரியில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, பால் காய்ச்சுவதற்கு முன்னாலேயே அதை மாட்டச் சொன்னேன். என் கணவர் சிரித்தார். "இந்தக் காலத்துல யாரு கடிதம் போடுறா?" என்றார். அவர் சொன்னது சரிதான். தண்ணீர்ப் பில்லையும் மின்சாரப் பில்லையும் தவிர அதில் எதுவும் விழுவதில்லை. ஆனாலும் தினமும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும், தோளில் கிடக்கும் பையைக்கூட இறக்காமல் அதைத் திறந்து பார்க்கிறேன். பெட்டிக்கு மேலே வீட்டு இலக்கம் எழுதியிருக்கிறது. இலக்கம் உள்ள வீட்டில் பிறந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

நானும் அக்காவும் பிறந்தது புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் ரப்பர் மரங்களுக்குள் ஏறிப் போக வேண்டிய ஒரு தோட்டத்தில். ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடு, அதுதான் எங்கள் லயம். தெருப் பெயர் கிடையாது, வீட்டு இலக்கம் கிடையாது. பாட்டன் காலத்திலிருந்து குடியிருந்தாலும் எங்கள் முகவரி தோட்டத்தின் பெயர் மட்டும்தான். அதனால் எங்கள் கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். கிளாக்கரையா அவற்றை விடிகாலைப் பெரட்டுக்குக் கொண்டு வருவார். வேலைக்கு வந்தவர்களின் பெயரை வாசித்து, இன்றைக்கு உனக்கு இந்த மலை என்று பிரித்து அனுப்பும் இடம்தான் பெரட்டு. பெயர் வாசிக்கும்போது முன்னால் வந்து நிற்பவரின் வீட்டுக்குக் கடிதம் இருந்தால் அவர் கையில் கொடுப்பார். வராதவர் வீட்டுக்கு என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கிளாக்கரையாவும் சொல்ல மாட்டார். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை அது. அவர் வழக்கம், அவ்வளவுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்களுக்கு அந்தப் பூசாரி காக்கிக் காற்சட்டை போட்டிருந்தார்.

அப்பா இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்தார். மாதத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். ஆகவே எங்கள் வீட்டிலிருந்து பெரட்டுக்குப் போவது அம்மா ஒருத்திதான். அக்கா உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தாள். எங்கள் லயத்தில் அதுவரை யாரும் பண்ணாதது. தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டாள். நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லியிருந்ததால் நாங்களும் அவசரமில்லை என்றே இருந்தோம். அந்த நேரம் பார்த்து அம்மாவின் காலில் அட்டை கடித்த இடம் புண்ணாகி, கணுக்கால் வீங்கிவிட்டது. அந்தக் காலை இழுத்துக்கொண்டு முந்நூறு மரத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறேன் என்று நின்றாள். அக்கா சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் பால்வெட்டுக் கத்தியை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்துவிட்டாள். கத்தி இல்லாமல் மரத்தை நகத்தாலா கீறுவது? செவ்வாய் முதல் சனி வரை அம்மா திட்டிக்கொண்டே வீட்டில் கிடந்தாள்.

வீக்கம் வடிந்து, கத்தியும் கைக்கு வந்து, திங்கட்கிழமை வேலைக்குப் போனவள் மத்தியானம் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள். கையில் பால் நாற்றம் என்று கடிதத்தைத் தொடாமல், மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக்கில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். "கவர்மெண்டு தப்பால் புள்ள, முத்திரையெல்லாம் குத்தியிருக்கு, பாரேன்" என்று நீட்டினாள். கடிதம் சிங்களத்தில் இருந்தது. அம்மா சிங்களம் நன்றாகப் பேசுவாள், ஆனால் எந்த எழுத்தும் தெரியாது. அக்கா வாசித்தாள். அவள் தோளுக்குப் பின்னால் நின்று நானும் வாசித்தேன். நேர்முகப் பரீட்சை போன வெள்ளிக்கிழமை முடிந்திருந்தது. தோட்டத்து ஆபீஸ் முத்திரையில் போன செவ்வாய்க்கிழமைத் திகதி.

அக்காவின் முகம் மாறவே இல்லை. "விண்ணப்பம் கெடச்சிருச்சின்னு போட்டிருக்காங்கம்மா. பெறகு இன்டர்வியூவுக்குக் கூப்புடுவாங்களாம்" என்று சொல்லிக் கடிதத்தை மடித்துவிட்டாள். பீலிக்கரைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கத்திய ஒளிச்சு வச்சது நானு. ஆனா தான் வேலைக்குப் போகாததுனாலதான்னு அம்மா நெனைக்கும். நெனச்சே செத்துரும். வாயத் தொறந்தேன்னா பாத்துக்க" என்றாள். மறுநாள் கேகாலைக்குப் போய்க் கல்விக் கந்தோரில் அதிகாரிகளிடம் கெஞ்சிவிட்டு வந்தாள். முடிந்தது முடிந்ததுதான் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். கிளாக்கரையா பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒங்கம்மா வேலைக்கு வந்திருந்தா அன்னைக்கே கெடச்சிருக்கும். எம்மேல என்ன தப்பு?" என்றார். பாவி. அந்த மனிதர் இப்போது உயிரோடு இல்லை. செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள், நான் திட்டுகிறேன்.

அக்கா சொன்ன பொய்க்கு ஒரு வால் இருந்தது; அது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. அடுத்த கடிதம் வரும் என்று அம்மா நம்பிவிட்டாள் அல்லவா? அதன் பிறகு அவள் ஒரு பெரட்டையும் தவறவிடவில்லை. காய்ச்சலோடு போனாள், மழையில் பால் வெட்ட முடியாத நாளிலும் போய் நின்றாள். "போகாட்டி தப்பால ஆபீஸ்லயே வச்சிருவாங்கடி" என்பாள். தினமும் கேட்பாள், கிளாக்கரையாவும் தினமும் சிரிப்பார்: "கவர்மெண்டு ஒம்மகளத்தான் தேடிக்கிட்டிருக்கு!" கூப்பிடும் வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று சொல்லி அக்காவும் பேர் பதிந்து பால் வெட்டப் போனாள். தாயும் மகளும் ஒரே பெரட்டில் நின்றார்கள். ஒருத்தி கடிதம் கேட்பாள், மற்றவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட என் முறை வந்தபோது அக்கா தோட்டத்து முகவரியை எழுத விடவில்லை. டவுனில் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியிடம் கேட்டு, அவர் கடை விலாசத்தைப் போட வைத்தாள். சனிக்கிழமை தோறும் வேலை முடித்து இறங்கிப் போய்ப் பார்த்து வருவாள். என் கடிதம் தவறாமல் வந்தது. அக்காவுக்குக் கிடைக்க வேண்டிய வேலையை நான் பார்க்கிறேன். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நெஞ்சுச் சளியில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில், "அக்காளுக்குத் தப்பால் வந்துச்சா?" என்றுதான் என்னிடமும் கேட்டாள். மறுநாள் அக்கா வந்தாள். "வந்துருச்சும்மா" என்று ஒரு கடிதத்தை எடுத்துக் கையில் கொடுத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்த அதே பழைய கடிதம். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாத்தியா, நான் ஒரு நாளும் பெரட்ட விடல" என்றாள். நான் வராந்தாவுக்கு ஓடிப் போய் அழுதேன். அக்கா அழவில்லை.

போன மாதம் அக்கா என் வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போதும் அதே லயம்தான், அதே மலைதான். கேட்டைத் திறந்தவள் உள்ளே வராமல் தகரப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். ரப்பர் பால் காய்ந்து கறுத்த விரல்களால் அதன் மூடியைத் தூக்கினாள், விட்டாள், மறுபடி தூக்கினாள்.

"தப்பால்காரரு இதுலயா போட்டுட்டுப் போவாரு?"

"ஆமாக்கா."

"நீ வேலைக்குப் போகாத நாளுலயுமா?"