என் மகளைத் தனியறையில் கேட்டார்கள்

மகளுக்கு ஒன்றரை வயதாகும்போது நான் சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. மூன்றாவது லீவில் எனக்கும் மனைவிக்கும் ஒத்துவராமல் போய், ஜமாத்தில் பேசிப் பிரிந்தோம். மகளோடு அவள் வடகரையில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு வந்து, மகளை என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தென்காசி கோர்ட்டில் மனுப் போட்டேன். மகளுக்கு அப்போது எட்டு வயது.

"பிள்ளைக்கு எது நல்லதுன்னுதான் பாப்பாங்க," என்றார் என் வக்கீல். "அதையும் தனியா கூப்பிட்டுக் கேப்பாங்க. அது சொல்லுதத அப்படியே தீர்ப்பா எழுதிர மாட்டாங்க, ஆனா தள்ளியும் விட மாட்டாங்க. நீங்க எதையும் சொல்லிக் கொடுத்திராதீங்க."

சொல்லிக் கொடுத்தேன். விசாரணையன்று காலை, அவள் உம்மா தன் வக்கீலோடு பேசப் போன நேரம் பார்த்து மகளிடம் குனிந்தேன். "உள்ள கேட்டா, வாப்பாகூட இருக்கேன்னு சொல்லுதியா?"

செருப்பைப் பார்த்தபடி கேட்டாள்: "அப்போ உம்மா யாருகூட இருப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீதிபதி ஒரு பெண். தன் அறைக்கு மகளை மட்டும் அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். வராந்தா பெஞ்சின் ஒரு முனையில் நான், மறுமுனையில் அவள் உம்மா. உள்ளேயிருந்து ஒரு தடவை மகள் சிரிக்கும் சத்தம் வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தோம்.

பிறகு எங்களைக் கூப்பிட்டார். "உங்களைப் பத்தி பிள்ளை ஒரு குறையும் சொல்லல," என்றார் என்னிடம். "வாப்பா நல்லவங்கதான், ஆனா எனக்கு அவங்க பழக்கமில்லன்னு சொல்றா."

கெட்டவன் என்று சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். இதை எப்படி மறுப்பது? அவள் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூங்குவாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. மகள் தாயிடம். ஞாயிறு பகல் மட்டும் என்னிடம்.

முதல் ஞாயிறு குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். சீசன் நேரம், கூட்டம். பெண்கள் குளிக்கும் பக்கம் நான் போக முடியாது. ஆண்கள் பக்கம் வரமாட்டேன் என்றாள் அவள். அருகில் நின்ற ஒரு அம்மா, "எங்கூட வாரியாட்டி? நான் பாத்துக்கிடுதேன்," என்றார். மகள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். என் கையைப் பிடிக்கவில்லை.

நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி ஓரமாக உட்கார்ந்து தின்றோம்.

"அன்னைக்கு உன்னை அப்படிச் சொல்லச் சொன்னது வாப்பா செஞ்ச தப்பு," என்றேன்.

"நான் அதை ஜட்ஜ்கிட்ட சொல்லல. உம்மாகிட்டயும் சொல்லல."

"உம்மாகிட்ட சொல்லிரு. மறைக்காத."

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் திரும்பவும் கோர்ட்டுக்குப் போவீங்க."

மீதி சிப்ஸ் பொட்டலத்தை மடித்து அவளிடம் கொடுத்தேன்.

சாயங்காலம் வடகரையில் கொண்டுபோய் விட்டேன். பையில் மாற்றுத்துணி மடிப்புக் கலையாமல் இருப்பதைப் பார்த்து, "குளிக்கலையா?" என்று கேட்டாள் அவள் உம்மா.

மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னைக்கு அருவியில யாரையும் விடல, உம்மா."

"விட்டாங்க," என்றேன் நான். "எனக்குத்தான் அவளைக் கூட்டிட்டுப் போக வழி தெரியல."

அவள் உம்மா பையை வாங்கிக்கொண்டாள். மகள் உள்ளே போய்விட்டாள்.